மாந்திரீகத்தின் பலம் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் ஊர்களில் 'மலையாள மாந்திரீகம்' என்ற வார்த்தைக்குத் தனி மதிப்பு உண்டு. வியாபாரம் படுத்துவிட்டதா, பெண்ணுக்கு வரன் அமையவில்லையா, பிள்ளை சொல் பேச்சுக் கேட்கவில்லையா, 'மலையாளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா' என்று சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். மலையாளத்து மந்திரவாதி கட்டினால் கட்டு, அவிழ்த்தால் அவிழ்ப்பு என்பது அவருடைய தீர்ப்பு.

அந்த மலையாள நாட்டுக்கே பிழைப்புத் தேடி வந்துவிட்ட தமிழர் இங்கே கண்டது என்ன? திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரும், கட்டட வேலைக்குக் காலையில் தம்பானூரில் வந்து இறங்குபவரும், அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிக்கும் குமாஸ்தாவும் இங்குள்ள மக்களைத் தினமும் பார்க்கிறார்கள். அதே வாடகைக் கவலை, அதே ஆஸ்பத்திரி வரிசை, அதே கடன். மந்திரத்தால் மாங்காய் விழுமானால் முதலில் மலையாளத்து மாமரங்கள் அல்லவா காலியாகியிருக்க வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், மலையாளிகளின் பயம் எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கம் வருகிறது. கேரளக் கதைகளில் மிகவும் பெயர்பெற்ற யட்சி கள்ளியங்காட்டு நீலி. அவளுடைய கள்ளியங்காடு இருப்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலை அடுத்து. அவளைக் கட்டிய கடமற்றத்துக் கத்தனார் மலையாளத்தார். ஆக, தமிழருக்கு மந்திரவாதி மலையாளத்தில் இருக்கிறான். மலையாளிக்கு யட்சி தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறாள். மந்திரம் எப்போதும் பக்கத்து ஊர்ச் சரக்குதான். எட்டி இருக்கும்வரையில்தான் அதற்கு மவுசு.

வேடிக்கை இதோடு முடிந்துவிட்டால் நல்லதாக இருக்கும். முடியவில்லை.

இலந்தூரில் நடந்தது

2022 அக்டோபர் 11-ஆம் தேதி பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரில் ஒரு வீட்டு வளாகத்தைப் போலீஸார் தோண்டினார்கள். இரண்டு பெண்களின் உடல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தமிழ்நாட்டில் தர்மபுரியிலிருந்து கொச்சிக்கு வந்து தங்கித் தெருவில் சீட்டு விற்றவர்.

செல்வம் பெருகுவதற்காக அவர்களை நரபலி கொடுத்தார்கள் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. இலந்தூரில் நாட்டு வைத்தியம் செய்துவந்த ஒருவர், அவருடைய மனைவி, ஆள் பிடித்துக் கொடுத்த மூன்றாம் நபர் ஆகியோர் கைதானார்கள். மூன்றாம் நபர் ஃபேஸ்புக்கில் ஒரு பெண்ணின் பெயரில் பொய்க் கணக்கு வைத்துத் தம்பதியுடன் பழகினார். சித்தர் ஒருவரைப் பார்த்தால் கஷ்டம் தீரும் என்று சொல்லி, பிறகு அந்தச் சித்தராகவும் தானே வந்து நின்றார் என்று போலீஸார் கூறினர். ஓலைச்சுவடியும் உடுக்கையும் இல்லாமல் ஒரு கைபேசியை வைத்துக்கொண்டே மாந்திரீகக் கடை விரித்துவிட முடிகிறது.

இதில் தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. முதல் பெண் காணாமற்போனது 2022 ஜூன் மாதம். இரண்டாவது பெண்ணான தர்மபுரிக்காரர் காணாமற்போனது செப்டம்பர் கடைசியில். அவருடைய சொந்தக்காரர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். தெருக் காமிராப் பதிவுகளையும் தொலைபேசித் தொடர்புகளையும் வைத்துப் போலீஸார் தேடினார்கள். அந்தத் தேடலில்தான் இலந்தூர் வீடும், ஜூன் மாதமே போய்விட்ட முதல் பெண்ணின் கதியும் வெளிவந்தன. கேட்க ஆள் இருந்த ஒருவரைத் தேடியபோது இன்னொருவரின் கொலையும் தெரியவந்தது.

பிறருக்கு அதிர்ஷ்டத்தைக் கூவி விற்றவர்கள், அதிர்ஷ்டம் தேடியவர்களின் கையில் மாண்டார்கள். ஊரில் பெரிய மனிதர்களும் பணக்காரர்களும் இருக்க, வெயிலில் நின்று சீட்டு விற்ற ஏழைப் பெண்கள் ஏன் குறிவைக்கப்பட வேண்டும்? சில ஆயிரம் ரூபாய் ஆசை காட்டினால் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஏறிப் போனால் உடனே யாரும் தேடமாட்டார்கள். இந்தக் கணக்கைப் போடுவதற்கு எந்தப் பூதத்தின் உதவியும் தேவையில்லை.

படித்தவர் தப்பவில்லை

'படிப்பில்லாதவர்கள் ஏமாறுகிறார்கள்' என்று சொல்லிக் கையைக் கழுவிவிட முடியாது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 94 பேர். தமிழ்நாட்டில் 80 பேர். எழுத்தறிவு ஒன்றே மருந்தானால் இலந்தூரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது.

திருவனந்தபுரத்தின் நடுவிலேயே, நந்தன்கோட்டில், 2017 ஏப்ரலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் கொல்லப்பட்டார்கள். தந்தை ஓய்வுபெற்ற பேராசிரியர், தாய் டாக்டர். கைதான மகன் வெளிநாடு சென்று படித்தவர். உடலிலிருந்து ஆன்மாவைப் பிரித்துப் பறக்கவிடும் பயிற்சி செய்ததாக அவர் போலீஸாரிடம் கூறினார் என்ற செய்தி வந்ததும், பத்திரிகைகளும் டெலிவிஷனும் பல நாட்கள் சாத்தான் சேவையைப் பற்றியே பேசின. ஆனால் 2025 மே மாதம் திருவனந்தபுரம் கோர்ட் கொலைக் குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. ஆன்மா பறந்த கதை அங்கே எடுபடவில்லை. செய்த காரியத்துக்கு மாந்திரீகம் ஒரு போர்வையாகவும் பயன்படும் என்பதற்கு இது அத்தாட்சி.

அரசியல் வட்டாரமும் விலக்கல்ல. கண்ணூரில் மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்தவரின் வீட்டு வளாகத்தில் தகடுகளும் உருவங்களும் தோண்டி எடுக்கப்படுவதாகக் காட்டிய வீடியோ ஒன்று 2024 ஜூலையில் ஊரெல்லாம் சுற்றியது. 'கூடோத்திரம்' என்ற பழைய சொல் அந்தச் சில நாட்களில் எல்லோர் வாயிலும் புகுந்து புறப்பட்டது. ஏழைக்குச் செய்வினை என்றால் தலைவருக்குக் கூடோத்திரம். சரக்கு ஒன்றே; விலைதான் வேறு.

நம்பிக்கை எங்கே முளைக்கிறது?

நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஏசுவது சுலபம். ஆனால் ஏன் நம்புகிறார்கள் என்று பொறுமையாக ஆராய்ந்தவர்களும் உண்டு.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் நியூ கினியை அடுத்த டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி அந்த மக்களின் வாழ்க்கையைக் கவனித்தார். அமைதியான உள்கடலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதையும் நாடவில்லை. தங்கள் கைத்திறனையே நம்பினார்கள். அலையும் ஆபத்தும் நிறைந்த வெளிக்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள் நடந்தன. ஆட்கள் ஒன்றுதான், அறிவும் ஒன்றுதான். நிச்சயமின்மை வந்த இடத்தில் மந்திரம் வந்தது.

இவான்ஸ்-பிரிச்சர்ட் என்பவர் ஆப்பிரிக்காவில் சூடானின் தென்பகுதியில் வாழ்ந்த அசாண்டே மக்களைப் பற்றி 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே தானியக் குதிர் சில சமயம் இடிந்து விழும். கீழே நிழலுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் அடிபடுவார்கள். கால்களைக் கறையான் அரித்ததால் குதிர் விழுந்தது என்பது அசாண்டே மக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இத்தனை நாள் விழாத குதிர், இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழுந்தது? அதற்கு அவர்கள் கண்ட பதில் சூனியம்.

இந்தக் கேள்வி ஆப்பிரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நான்கு பேர் ஏறிய சாரத்திலிருந்து ஒருவர் மட்டும் விழுந்தால் 'எனக்கு மட்டும் ஏன்?' என்றுதான் அவரும் கேட்பார். ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனால் அவருடைய மனமும் இதையே முணுமுணுக்கும். டாக்டர் 'எலும்பு முறிந்தது' என்று எப்படி நடந்தது என்பதைச் சொல்வார். 'ஏன் எனக்கு' என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது. மந்திரவாதியிடம் உண்டு. அதுவும் ஓர் உறவினரின் அடையாளத்தோடு கிடைக்கும். அந்தப் பதில் பொய்யாக இருந்தாலும், பதில் என்ற முறையில் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

வெளிமாநிலத்தில் பிழைக்கும் தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் வெளிக்கடல்தான். நாளைக்கு வேலை உண்டா என்பது மேஸ்திரி சொன்னால்தான் தெரியும். ஊரில் தாய்க்கு உடம்புக்கு வந்தால் செய்தி தொலைபேசியில் வரும். ஆள் போய்ச் சேர மறுநாள் ஆகும். அங்காளி பங்காளிக்குள் வழக்கு என்றால் இங்கிருந்தபடி பேசவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்படித் தவிக்கிறவரைப் பார்த்து 'மூட நம்பிக்கை' என்று சொல்லிச் சிரிப்பது நியாயமும் ஆகாது, பயனும் தராது.

தொழில் நடக்கும் விதம்

ஆனால் அவருடைய தவிப்பைக் காசாக்கும் தொழிலை உடைத்துப் பார்ப்பது கடமை.

முதல் படி, உள்ளதைச் சொல்வது. 'பணம் வருகிறது, கையில் தங்கவில்லை. உதவி செய்தவர்களே முதுகில் குத்தினார்கள். நெருங்கிய உறவில் ஒருவருக்கு உங்கள் மேல் பொறாமை.' இது பொருந்தாத மனிதர் திருவனந்தபுரத்தில் மட்டுமல்ல, பூமியிலேயே இருக்கமாட்டார். 1948-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஃபோரர் தம்முடைய மாணவர்கள் 39 பேருக்குக் குணநலன் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதியதாகச் சொல்லித் தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இரண்டாவது படி, கண்ணால் காட்டுவது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ரத்தச் சிவப்பாகும். ஆரத்தி எடுக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணுக்கும் இது தெரிந்த சங்கதி. கேரளத்தில் குருதி என்று வழிபாட்டில் பயன்படுவதும் இதுதான். வீட்டு வாசலில் கரைத்தால் ஆரத்தி. இருட்டறையில், மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் சுண்ணாம்பு நீரைத் தெளித்தால் 'துர்தேவதையின் ரத்தம்'. பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் கிளிசரின் விழுந்தால் சற்று நேரத்தில் தானே தீப்பற்றும். தீப்பெட்டியே தொடாமல் ஹோமகுண்டம் எரிய இது போதும்.

மூன்றாவது படி, தோண்டி எடுப்பது. வீட்டு மூலையில் தகடு இருக்கிறது என்று சொல்பவரும், இடத்தைக் காட்டுபவரும், மண்ணில் கையை விட்டு எடுப்பவரும் அவரோ அவருடைய ஆளோதான். மூன்று வேலையையும் ஒரே தரப்பு செய்யும்போது மண்ணுக்கு அடியில் முன்பே எதுவும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது படிதான் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி: 'வெளியில் சொல்லாதே. சொன்னால் பலிக்காது.' வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் சீட்டுப் பணம் எடுக்கப்படுகிறது. கூடத் தங்கியிருப்பவனுக்குத் தெரியாமல் மோதிரம் அடகுக்குப் போகிறது. பலித்தால் மந்திரவாதியின் சக்தி. பலிக்காவிட்டால் வாய்விட்டவனின் குற்றம். எந்த வழியில் போனாலும் கொடுத்த பணம் திரும்புவதில்லை. ஏமாந்தது தெரிந்த பிறகும் வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. வாய்க்கட்டு மந்திரம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

இரண்டு மலையாளிகள்

மாந்திரீகத்துக்குப் பெயர்போன இதே கேரளம் அதை எதிர்த்து ஆயுள் முழுவதும் பாடுபட்ட இருவரையும் தந்தது. இருவரும் தமிழர் நடுவே வாழ்ந்தவர்கள்.

ஆபிரகாம் கோவூர் 1898-இல் திருவல்லாவில் பிறந்தவர். இலந்தூர் இருக்கும் அதே பத்தனம்திட்டை மாவட்டம்தான் இன்று திருவல்லாவுக்கும் மாவட்டம். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். கல்கத்தாவில் படித்த காலத்தில் ஊருக்குத் திரும்பும்போது உறவினருக்குக் கங்கை நீர் என்று சொல்லி, வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்ததாகவும், அதைக் குடித்தவர்கள் அதன் மகிமையைப் புகழ்ந்ததாகவும் அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகச் சென்ற அவர், பல வருஷங்கள் யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பின்பு கொழும்பில் குடியேறித் தம்முடைய வீட்டுக்குத் 'திருவல்லா' என்றே பெயர் வைத்தார்.

ஓய்வு பெற்றபின் பேய் பிடித்த வீடு, செய்வினை என்று யார் அழைத்தாலும் நேரில் சென்று விசாரிப்பது அவர் வழக்கம். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் சவால் விட்டார். 1978-இல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வந்து ஜெயிக்கவில்லை. கண்களைத் தானமாகவும், எலும்புக்கூட்டைக் கல்லூரி மாணவர்களின் பாடத்துக்காகவும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் பசவ பிரேமானந்த். 1930-இல் கோழிக்கோட்டில் பிறந்து, கோவை போத்தனூரில் வாழ்ந்து, 2009-இல் அங்கேயே மறைந்தார். ஊர் ஊராகச் சென்று பொதுமேடையில் கையிலிருந்து விபூதி வரவழைத்தார். வாயில் எரியும் கற்பூரத்தை வைத்துக் காட்டினார். பிறகு அதன் சூட்சுமத்தையும் சொன்னார். விபூதியைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்து விரலிடுக்கில் வைத்திருந்தால், நசுக்கியதும் பொடி கொட்டும். கற்பூரம் சூடு தெரியுமுன் வாயை மூடினால் அணைந்துவிடும். அற்புதத்தை அவர் மறுத்துப் பேசியதைவிடச் செய்து காட்டியதே ஜனங்கள் மனத்தில் நின்றது.

இவ்விருவரும் நாஸ்திகர்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. அவர்கள் செய்த முக்கியமான காரியம் ஒன்றே: இருட்டறையில் நடந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பக்தி வேறு, பயம் வேறு

'அப்படியானால் சாமியும் பொய்யா?' என்று ஆஸ்திகர் கோபிக்கத் தேவையில்லை. பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கிற தொழிலாளி ஊர் பார்க்க உடைக்கிறார். ஆற்றுக்கால் பொங்கலன்று லட்சக்கணக்கான பெண்கள் நடுத்தெருவில், நடுப்பகலில், அடுத்தவர் அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கிப் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே ரகசியம் இல்லை. இன்னொருவருக்குக் கெடுதல் வேண்டுவதும் இல்லை. ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியின் வடிவம் என்றே பக்தர்கள் போற்றுகிறார்கள். தனக்கு அநியாயம் நேர்ந்தபோது கண்ணகி எதிரியின் பெயரைத் தகட்டில் எழுதி நள்ளிரவில் புதைக்கவில்லை. பலர் அறியத் தெருவழியே போய், அரசவையில் நின்று, சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள். அவளைக் கும்பிடுகிறவர்கள் மந்திரவாதியின் மூடிய கதவுக்குப் பின்னால் போய் நிற்பது அவளுக்கே பொருந்தாது.

கடவுள் இல்லை என்பவரும் உண்டு என்பவரும் ஒத்துப்போகக்கூடிய அளவுகோல் ஒன்று இங்கே இருக்கிறது. செய்யச் சொல்வது பத்துப் பேர் அறியச் செய்யக்கூடிய காரியமா? அதற்காக வாங்கிய பணத்துக்கு ரசீது கேட்கலாமா? இன்னொரு உயிரை அது நோகடிக்காமல் இருக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நம்புகிறவர் நம்பிவிட்டுப் போகட்டும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வருவது நல்லது.

நோய் விஷயத்தில் மட்டும் இந்த விட்டுக்கொடுத்தலும் உதவாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் சிக்கினர். 28 பேர் இறந்தனர். பேய் என்றும் செய்வினை என்றும் எண்ணிக் குடும்பத்தாரால் தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை என்ற பெயரைக் கேலிக்கு மட்டுமே பலர் பயன்படுத்துகிறார்கள். அங்குள்ள அரசு மனநல மருத்துவமனை 1870-இல் தொடங்கியது. தூக்கமின்மையும், காதில் கேட்கும் குரலும், காரணமில்லாத சந்தேகமும் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி மனநலச் சேவையில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. திருநீறு பூசிக்கொண்டே மருந்தும் சாப்பிடலாம். மருந்தை நிறுத்து என்று சொல்பவர்தான் ஆபத்தானவர்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

புணேயில் மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கம் நடத்திய டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய நரபலி, பில்லிசூனியத் தடைச் சட்டம் அந்த வருஷ முடிவில் மகாராஷ்டிரத்தில் நிறைவேறியது. கர்நாடகமும் 2017-இல் ஒரு சட்டம் செய்தது. கேரளத்தில் நீதிபதி கே.டி.தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்தக் கமிஷன் 2019-இல் ஒரு மசோதாவைத் தயாரித்துக் கொடுத்தது. இலந்தூர்ச் சம்பவத்துக்குப் பிறகு அது உடனே சட்டமாகும் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் மசோதாவைக் கொண்டுவர வேண்டாம் என்று அமைச்சரவை 2023-இல் முடிவு செய்ததாக 2025 ஜூனில் மாநில அரசு உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது.

எது வழிபாடு, எது மாந்திரீகம் என்று கோடு கிழிப்பது கஷ்டம் என்பது உண்மை. நம்பிக்கையைத் தண்டிக்கும் சட்டம் வேண்டாம். துன்புறுத்தலையும் மோசடியையும் தண்டிக்கும் சட்டம் கட்டாயம் வேண்டும். மகாராஷ்டிரம் செய்ததைக் கேரளத்தால் செய்ய முடியாது என்று சொல்வது இந்த மாநிலத்தின் பெயருக்கு அழகல்ல.

அதே சமயம், உள்ள சட்டங்களும் பல்லில்லாதவை அல்ல. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் சட்டம் தடுக்கிறது. தெய்வக் குற்றம் வரும் என்று பயமுறுத்தி ஒருவரைப் பணியவைப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 354-ஆவது பிரிவின்படி குற்றம். ஏமாற்றிப் பணம் பறிப்பது எப்போதும் குற்றம்தான். புகார் சொல்ல வாய் திறந்தால்தான் இவற்றுக்கு உயிர் வரும்.

தேட ஓர் ஆள் வேண்டும்

பேயும் பிசாசும் உண்டா இல்லையா என்ற வாதம் இன்னும் நூறு வருஷம் நடக்கலாம். மாந்திரீகத் தொழிலின் பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். அது தகட்டில் இல்லை, எலுமிச்சம்பழத்தில் இல்லை. மனிதனின் தனிமையில் இருக்கிறது. கஷ்டத்தை யாரிடமும் சொல்லாதவன் அதற்கு வாடிக்கைக்காரன் ஆகிறான். காணாமற்போனால் தேட ஆளில்லாதவள் அதற்கு இரையாகிறாள்.

வெளிமாநிலத் தமிழருக்கு இந்தத் தனிமை கூலியோடு சேர்ந்தே வருகிறது. அதைக் குறைப்பது தமிழர்கள் கையில்தான் இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்பவர்கள், ஒரே லைனில் குடியிருப்பவர்கள் ஒருவர் பெயரும் ஊரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இன்னொருவர் எழுதி வைத்துக்கொள்ளலாம். தனியாகத் தங்கி வேலை செய்யும் பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அவசியம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிற தமிழ்ச் சங்கங்கள், லாட்டரி விற்பவர், பழைய சாமான் பொறுக்குபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் பெயர்களையும் தங்கள் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஆள் வரவில்லை என்றால் அன்று மாலையே விசாரிக்க வேண்டும். மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். 'ஊருக்குப் போயிருப்பாள்' என்று அங்கே சொன்னால், பாஷை தெரிந்த குமாஸ்தா ஒருவர் கூட நின்று புகாரை மலையாளத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது.

தர்மபுரியிலிருந்து வந்த அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவரைத் தேட ஆள் இருந்ததால்தான் இலந்தூர் வீட்டின் கதவு திறந்தது. அந்த வேலையைச் செய்தவர்களிடம் மந்திரமும் இல்லை, பணமும் இல்லை. 'எங்கள் வீட்டுப் பெண் எங்கே?' என்று விடாமல் கேட்டார்கள், அவ்வளவுதான்.